ஏறுங்க மச்சான்

எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னபோது நான் சிரித்தேன். எதற்கும் முதலில் சிரித்துவைப்பது என் வழக்கம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்த அன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் வந்தேன். வாத்தியாரும் சிரித்துக்கொண்டுதான் அனுப்பினார் என்று ஞாபகம்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. தினமும் முக்கால் மணி நேரம் கை வீசி நடக்க வேண்டும் என்றார். நான் அப்போது சிங்காநல்லூரில் ஒரு நூல் மில்லில் சைடராக இருந்தேன். வரிசையாக ஓடுகிற மெஷின்களுக்கு நடுவில் போவதும் வருவதுமாக இருந்து, எங்கே இழை அறுந்தாலும் போய் ஒட்டிவிடுகிற வேலை. எட்டு மணி நேரத்தில் உட்காருவது சாப்பிடும்போது மட்டும்தான். இருபத்திரண்டு வருஷத்தில் நான் நடந்த நடையைக் கூட்டிப் பார்த்தால் பத்துத் தரம் காசிக்குப் போய்த் திரும்பி வந்து, மறுபடியும் பாதி வழி போயிருப்பேன் என்று அவரிடம் சொன்னேன். அது வேலை, இது உடம்புக்கு என்றார். இத்தனை வருஷம் மில்லுக்குப் போய்வந்தது பின்னே யார் உடம்பு என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

எழுந்திருக்கும்போது ஒன்று சொன்னார். "மூணு மாசம் பாக்கறேன். கொறையலீன்னா மாத்திரை பத்தாது. காலைல ஒண்ணு, பொழுதோட ஒண்ணு, ஊசிதான்."

ஊசி வலிக்குப் பயப்படுகிற ஆள் நான் இல்லை என்று எழுத ஆசைதான். பயந்தேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம் வேறு. நாங்கள் இருந்தது வரிசை வீடு. நான் தும்மினால் பக்கத்து வீட்டில் 'நூறு ஆயுசு' என்பார்கள். அந்த வீட்டில் தினம் இரண்டு வேளை ஊசி போட்டுக்கொண்டால் மூன்றாம் நாள் வீதி முழுக்கத் தெரியும். வீதிக்குத் தெரிந்தால் என் மகளின் கல்யாணம் நிற்கும்.

அவளுக்கு அப்போதுதான் ஓர் இடம் கூடி வந்திருந்தது. பையன் துடியலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினான். பெண் பார்த்தாயிற்று, ஜாதகம் பொருந்திற்று. பங்குனியில் உப்புச் சக்கரை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டாரும் உப்பும் சக்கரையும் மாற்றிக்கொண்டுவிட்டால் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். அதற்கு முன்னால் என்றால் எந்த வீட்டாரும் ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு மரியாதையாக விலகிக்கொள்ளலாம். பெண்ணின் அப்பனுக்குச் சர்க்கரை என்றால் நாளைக்குப் பெண்ணுக்கும் வரும், பிறக்கிற பிள்ளைக்கும் வரும் என்று சனங்கள் பேசிய காலம் அது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. வேறு வீட்டு விஷயமாக இருந்தால் நானே முதல் ஆளாகப் பேசியிருப்பேன்.

ஆக, பங்குனிக்குள் நடந்து நடந்து சர்க்கரையை இறக்கிவிட வேண்டும். யாருக்கும் தெரியாமல் நடக்க வேண்டும். இது எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

எனக்கு அந்த மாதங்களில் அரை நைட் ஷிப்ட். மாலை போனால் வீட்டுக்கு வந்து படுக்க ஒரு மணி ஆகிவிடும். காலை ஆறு மணிக்கு அவள் எழுப்பும்போது கால் இரண்டும் இன்னும் மில்லிலேயே இருப்பதுபோல் கனக்கும். குதிகாலைத் தரையில் வைத்தால் 'இப்போதானே விட்டாய்' என்று கேட்கும். அப்படியே ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு குளத்துப் பக்கம் கிளம்புவேன்.

குளத்து மேட்டில் எனக்கு முன்பே சில பேர் நடந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து நகரில் குடியிருந்த ஆபீஸர்மார், ரிட்டையர் ஆனவர்கள். வெள்ளை ஷூ, அரைக்கால் டவுசர், ஒருத்தர் கையில் நாய். அவர்களைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஷூ போட்டவன் நடந்தால் அது நடை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரப்பர் செருப்போடு கை வீசி நடந்தால் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறான் என்று அர்த்தம். எதிரில் வருகிற ஒவ்வொருவரும் நின்று எங்கே போகிறேன் என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் அது விசாரணை இல்லை, மரியாதை. கேட்காமல் போனால்தான் மனஸ்தாபம். சும்மா நடக்கிறேன் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. நாற்பத்தெட்டு வயசு ஆம்பிளை காலங்காத்தால சும்மா நடப்பானா? நான் மென்று விழுங்குவதைப் பார்த்து, பீடி குடிக்க ஒளிந்து போகிறேன் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அந்தக் கெட்ட பெயருக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. சர்க்கரைக்குப் பீடி தேவலை.

என் வீட்டுக்காரிதான் வழி சொன்னாள். ஒரு தூக்குப்போசியைக் கையில் கொடுத்தாள். குளத்துக்கு அந்தக் கரையில் ஒரு தோட்டத்தில் பால் கறந்து விற்கிறார்கள். கேட்டால் பாலுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். போசி கைக்கு வந்ததும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. கையில் ஒரு பாத்திரம் இருந்தால் மனுஷனுக்கு வருகிற தைரியமே தனி. மூன்று நாள் அமோகமாக நடந்தேன்.

நான்காம் நாள் பின்னால் ஒரு மொபெட் வந்து நின்றது.

பையனின் பெரியப்பா. எங்கள் வீதிக் கடைசியில்தான் அவர் வீடு. அவர்தான் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய தலை. அவர் தலையாட்டினால்தான் துடியலூரில் கல்யாணம். எங்கள் சனத்தில் குலக்கூட்டம் வேறாக இருந்தால் ஆம்பிளைகள் ஒருத்தரை ஒருத்தர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

"ஏனுங்க மச்சான், எங்கீங்க போசியோட?"

"பாலுக்குங்க."

"அத்தன தொலைவு நடந்தா போறீங்க? நானும் அக்கட்டாலதான் போறேன். ஏறுங்க மச்சான்."

அவருக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். சம்பந்தியாகப் போகிறவன் வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே ரோட்டில் நடந்து போனால் தனக்குக் கேவலம் என்று அவர் நினைத்தார். ஏறமாட்டேன் என்று சொன்னால் அவரை மதிக்கவில்லை என்று ஆகும். ஏன் ஏறமாட்டேன் என்று சொன்னால் கல்யாணமே இல்லை என்று ஆகும். ஏறினேன். தோட்டத்தில் இறக்கிவிட்டு, நான் பால் வாங்கும்வரை இருந்து, திரும்பக் கொண்டுவந்து வீட்டு வாசலில் விட்டார். அன்றைக்கு நான் நடந்தது வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும்.

மறுநாள் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பினேன். அவரும் முன்னதாகவே கிளம்பியிருந்தார். வேறு வழியில் போனேன். வழி தெரியாமல் போய்விட்டதா என்று சிரித்துக்கொண்டே வந்து ஏற்றிக்கொண்டார். பத்து நாளில் அது ஒரு ஏற்பாடாகவே ஆகிவிட்டது. அவர் வண்டியைக் கிளப்பும்போதே போசி எங்கே என்று கேட்பார். திரும்பி வந்தால் அவர் வீட்டில் காப்பி. அந்த அம்மாவுக்கு விருந்தாளி என்றால் சக்கரை டப்பாவைக் கவிழ்க்கிற கை. வேண்டாம் என்று சொல்ல நான் ஒவ்வொரு நாளும் வாயைத் திறப்பேன். திறந்த வாய்க்குள் காப்பி போய்விடும். நடக்கப் போய் எனக்குச் சர்க்கரை கூடியது இப்படித்தான்.

எல்லாவற்றுக்கும் அவர்தான் காரணம் என்று சொன்னால் அது நான் தப்பித்துக்கொள்கிற பேச்சு. அவர் வெளியூர் போன நாட்கள் இருந்தன. மொபெட் சத்தம் கேட்காத அந்தக் காலைகளில் நான் குளத்து மேட்டில் ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். நாளைக்குச் சேர்த்து நடந்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் மழை. மழை விட்ட மறுநாள் சேறு. சேறு காய்ந்த மறுநாள், இரண்டு நாள் விட்டாயிற்று, இனி திங்கள்கிழமையிலிருந்து ஒழுங்காக ஆரம்பிப்போம் என்று ஒரு ஞானம். மில்லில் என்றால் இழை அறுந்து கண்ணில் படும். கால் தானாகப் போகும். குளத்து மேட்டில் எதுவும் அறுந்து தெரியவில்லை. எனக்குள் என்ன அறுகிறது என்பதை என் கண் பார்க்காதபோது கால் மட்டும் எதற்குப் போகும்? உட்கார்ந்தே இருந்துவிட்டு, எழுந்து வரும்போது குளத்துத் தண்ணீரை நெற்றியில் தெளித்துக்கொண்டு வருவேன்.

ஒரு நாள் என் வீட்டுக்காரி முந்தானையால் என் முகத்தைத் துடைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கு வேர்வை நெத்தில மட்டுந்தான் வருமா? முதுகு உனி நாளைக்குத்தான் வேர்க்குமா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே மகள் மோட்டார் பட்டறையில் காயில் சுற்றப் போவதற்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழக் கூடாது என்று என் வீட்டுக்காரி அதோடு நிறுத்தினாள். முந்தானையை உதறிவிட்டுப் போனாள். அந்த உதறல் எனக்கு வசவைவிட மோசமாக இருந்தது.

தைக் கடைசியில் டாக்டரம்மா மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஏறியிருந்தது. நடக்கிறீர்களா என்று கேட்டார். தினமும் போகிறேன் என்றேன். பொய் இல்லை. தினமும்தான் போனேன். இன்னும் ஒரு மாதம்தான் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அதற்கு நாலு நாள் கழித்து ஒரு காலை. வழக்கம்போல மொபெட்டின் பின்னால் போசியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். முந்தின ஷிப்டில் ஓர் ஆள் வராததால் இரண்டு பேர் வேலையை நான் பார்த்திருந்தேன். கண் சொருகிச் சொருகிப் போயிற்று. தோட்டத்தில் இறங்கிப் போசியை நீட்டினால், பால் ஊற்றுகிற அம்மா என் காலையே பார்க்கிறாள்.

"ஏனுங்க, ஒத்தச் செருப்போடவா வந்தீங்க?"

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. மாட்டுத் தொழுவத்துக் கல்லும் சாணியும் காலுக்கடியில் கிடந்தன. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கல்லின் மேல் நிற்கிறேனா மெத்தையின் மேல் நிற்கிறேனா என்று அந்தக் காலுக்குத் தகவலே இல்லை.

பெரியப்பா என்னைப் பார்த்தார், காலைப் பார்த்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். நான் போசியோடு அங்கேயே நின்றேன். அந்தம்மா உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. கால் மணி நேரம் கழித்து அவர் என் செருப்போடு வந்தார். குளத்துத் திருப்பத்தில் கிடந்ததாம். அத்தனை பெரிய மனுஷன், என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர், குனிந்து அதை என் காலுக்கு முன்னால் வைத்தார்.

"கழண்டு உழுந்தது தெரியலீங்களா மச்சான்?"

இந்த மாதிரி இடத்துக்கு எப்போதும் என்னிடம் ஒரு தமாஷ் தயாராக இருக்கும். அன்றைக்குத் தேடிப் பார்த்தேன். வாயில் ஒன்றும் இல்லை. தூக்கமும் அலுப்பும்தான் இருந்தன. இத்தனை நாள் ஒளித்துவைத்த அலுப்பு.

"தெரியலீங்க. எனக்குச் சக்கரைங்க."

தொழுவத்தில் ஒரு எருமை காதை ஆட்டிக்கொண்டிருந்தது.

"எத்தன நாளாங்க?"

"ஐப்பசிலருந்துங்க."

"அப்ப பொண்ணு பாக்க வாரப்பவே இருந்துதுங்களா?"

"இருந்துச்சுங்க. எனக்கே தெரியாதுங்க. அப்பறந்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லலீங்க."

அவர் மொபெட்டில் ஏறினார். நானும் ஏறுவதற்குப் பக்கத்தில் போனேன். பழக்கம். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க நடக்கோணுமல்லங்க மச்சான்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை நாள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன் என்று சொல்லி முடியாது. கோபத்தில் சொன்னாரா, கரிசனத்தில் சொன்னாரா? குரலில் இரண்டும் இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரி அரிசி களைந்துகொண்டிருந்த தண்ணீரிலேயே கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

"உப்புச் சக்கரைக்கு இன்னி ஒண்ணரை மாசந்தான் இருந்துச்சு. கெடுத்துப்போட்டீங்களே," என்றாள்.

மறுநாளிலிருந்து மொபெட் நிற்கவில்லை. என்னைக் கொண்டுபோய்க் கொண்டுபோய் அவர் வீட்டுக்கும் அந்தத் தோட்டத்துப் பால் பழகியிருந்தது. பின்னால் சத்தம் கேட்கும். எனக்கு முதுகு முழுக்கக் காது முளைக்கும். வண்டி பக்கத்தில் வரும்போது லேசாக ஒரு ஹாரன். அவ்வளவுதான். தாண்டிப் போய்விடும். நான் நடக்க வேண்டுமே என்றுதான் நிறுத்தாமல் போகிறார் என்று ஒரு நாள் நினைப்பேன். இனி இந்த ஆளோடு நமக்கென்ன என்று போகிறார் என்று மறுநாள் நினைப்பேன். ஒரு மாதம் முன்னால் இந்த மொபெட் பஞ்சராகிப் போகக் கூடாதா என்று வேண்டியவன், இப்போது நிற்காதா, ஒரே ஒரு தரம் 'ஏறுங்க' என்று சொல்ல மாட்டாரா என்று ஏங்கினேன். வீதியில் சங்கதி பரவியிருந்தது. எங்கே போகிறேன் என்று கேட்கிறவர்களும் கேட்பதை நிறுத்தினார்கள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வழிவிட்டார்கள். அந்த ஆபீஸர்மாருக்குக் கிடைத்த சுதந்திரம் எனக்கும் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது.

அதனால் நடந்தேன். ஒளிக்க இனி ஒன்றும் இல்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தால் வாசலில் யாராவது வருகிறார்களா என்று பார்க்கத் தோன்றும், அதற்கு ரோடு தேவலை. போசியை எடுக்கவில்லை. கை சும்மா இருந்ததால் தானாக வீசியது. ஒரு நாளும் ஆசையாக நடக்கவில்லை. கால் வலியோடு, அரைத் தூக்கத்தோடு, கல்யாணம் நின்றுவிடும் என்கிற நினைப்பு பின்னால் துரத்தத் துரத்த நடந்தேன். பயம் துரத்தினால் எவனும் வேகமாக நடப்பான். அதற்குப் பெயர் உடற்பயிற்சி என்றால் நான் செய்தது உடற்பயிற்சிதான்.

மாசிக் கடைசியில் டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நன்றாக இறங்கியிருக்கிறது, ஊசி வேண்டாம், மாத்திரையே போதும் என்றார். எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார். எல்லோரும் என்னைக் கைவிட்டார்கள், அதனால் சாதித்தேன் என்று சொல்லவா முடியும்? சிரித்துவைத்தேன்.

அன்று எனக்கு வார லீவு. பொழுதோட பெரியப்பாவும் அவர் வீட்டம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பாயில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். மழை, மில், விலைவாசி எல்லாம் பேசி முடித்த பிறகுதான் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். துடியலூரில் மறுபடியும் ஜாதகத்தை வேறு இடத்தில் காட்டினார்களாம். ஏதோ ஒரு பொருத்தம் சரியாக வரவில்லையாம்.

"நான் சொல்லிப் பாத்தனுங்க மச்சான். தம்பி ஊட்ல கேக்கலீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"அதெல்லாம் இல்லீங்க. சாதகம்னா சாதகந்தானுங்க," என்றேன். என் வீட்டுக்காரி காப்பி கொண்டுவந்து வைத்தாள். மூன்று பேரும் குடித்தோம். எனக்கு வைத்ததில் சக்கரை இல்லை. அந்த வீட்டில் அன்றைக்கு அதை யாரும் கவனிக்காததுபோல் இருந்தார்கள். அவ்வளவு நாகரிகமாக ஒரு கல்யாணம் நின்றதை நான் பார்த்ததில்லை.

மறுநாள் நான் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எதற்காக நடந்தேனோ அது முடிந்துபோயிற்று. துரத்த ஒன்றும் இல்லை என்றதும் கால் தன் பழைய கணக்குகளை எல்லாம் ஒரே நேரத்தில் கேட்டது. ஷிப்டுக்குப் போனேன், வந்தேன், படுத்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் ஒரு சௌகரியம், வீட்டில் இருப்பவர்களின் முகம் தெரியாது. ஒன்பது நாள் அப்படிப் போயிற்று.

பத்தாம் நாள் காலையில் என் மகள் வேலைக்குக் கிளம்பி வந்து தலைமாட்டில் நின்றாள். வீதிக்குத் தெரிகிறவரை அவளுக்கும் ஒன்றும் தெரியாது என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வரிசை வீட்டில் பக்கத்து வீட்டுக்காரனுக்கே கேட்கும் என்றால், ஒரே அறையில் படுத்திருக்கிறவளுக்குக் கேட்காதா என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"அப்பா, எந்திரிங்க."

"முடியல கண்ணு."

"முடியாதுன்னுதானுங்கப்பா அவங்களும் சொல்லீட்டுப் போனாங்க. நீங்க இப்படிப் படுத்துட்டா, நோயாளி ஊடுன்னு அவங்க நெனச்சது சரின்னு ஆயிரும்."

திட்டவில்லை. அழவும் இல்லை. செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். உடனே துள்ளி எழுந்தேன் என்று எழுதினால் என் வீட்டுக்காரி சிரிப்பாள். வெயில் சுவரில் ஏறிய பிறகுதான் எழுந்தேன். குளத்துக்குப் பாதி வழி போய்த் திரும்பிவிட்டேன். மறுநாள் குளம்வரை.

இன்றைக்குவரை அப்படித்தான். நாலு நாள் போவேன், ஒரு நாள் விடுவேன், விட்ட நாளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொள்வேன். நடக்க நடக்க ருசி வந்துவிடும் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த ருசி வரவே இல்லை. ஒவ்வொரு காலையும் முதல் நாள் மாதிரியேதான் அலுப்பாக இருக்கிறது.

அதற்கடுத்து மகளைப் பார்க்க வந்த இடத்தில் காப்பி வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. அதற்கும் அடுத்து வந்தவர்கள் அந்தியூர்க்காரர்கள். அவர்களிடமும் சொன்னேன். பையனின் அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார், நடக்கிறீர்களா என்று கேட்டார். இரண்டுக்கும் ஆமாம் என்றேன். கதவுக்குப் பின்னால் என் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"தெனமும் எத்தன தொலைவுங்க நடப்பீங்க?"

"மூணு மைலுங்க," என்றேன்.

நடந்தது ஒன்றரைதான். அந்தியூரிலிருந்து வந்து யார் அளந்து பார்க்கப்போகிறார்கள் என்கிற தைரியம். அந்தக் கல்யாணம் நடந்தது.